முப்பத்து மூன்று தோட்டாக்கற்கள்

வெங்கரட்டில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் விடிந்ததும் பெண்கள் எல்லோரும் சூரியனை முகத்தில் வாங்கிக்கொண்டு கிழக்கே பார்த்து நடப்பார்கள். சூரியனை முதுகில் வாங்கி நடப்பவளுக்குத் தோட்டாக்கல் கிடைக்காது, காலடியிலேயே கிடந்தாலும் களிமண் கட்டி மாதிரி ஊமையாகக் கிடக்கும். எதிர்வெயிலில் நடப்பவளுக்குத்தான் அது வெல்லப்பாகு நிறத்தில் மினுங்கித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரு விரற்கணு நீளம், விரல் தடிமன், ஒரு முனை மழுங்கல், மறுமுனை கூர். துப்பாக்கியையே பார்த்திராத ஊர் அதற்குத் தோட்டாக்கல் என்று பேர் வைத்துவிட்டது. மரமில்லாத, புல்லில்லாத, மழைத்தண்ணீர் அறுத்து அறுத்து ஆயிரம் ஓடையாகப் பிளந்து போட்ட அந்தப் பொட்டலில் வேறு எதுவும் விளையாது, கல்தான் விளையும், ஒவ்வொரு மழைக்கும் விளையும், பொறுக்கப் பொறுக்க விளையும்.

அது எங்கிருந்து வந்தது என்பதில் ஊர் இரண்டு கட்சி. இடி விழுந்த இடத்தில் முளைக்கிறது என்றது ஒன்று, ஏதோ ஒரு சண்டையில் ஏதோ ஒரு ராஜா சுட்டுப் போட்டது என்றது மற்றொன்று, இரண்டு கட்சிக்கும் நடுவில் கல்லைப் பொறுக்கி மூட்டை கட்டி வெளியூர் வியாபாரிக்குப் போடுகிற பெண்கள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது இரண்டு சங்கதி. ஒன்று, கல்லை மடியில் போடும்போது கூர்முனை மேலே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் புடவையைக் கிழித்துக்கொண்டு கீழே விழும். இன்னொன்று, இடுப்புப் பிடிப்புக்கும் மூட்டு வலிக்கும் கல்லை மணலோடு வறுத்துச் சூடாக ஒத்தடம் வைக்கும்போது கூர்முனை கால் பக்கம் பார்க்க வேண்டும். கூர் காட்டுகிற வழியாகத்தான் வலி இறங்கிப் போகும். மடிக்கு மேலே, உடம்புக்குக் கீழே. பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயத்தில் யாரும் தப்புப் பண்ணியதாக அதுவரைக்கும் பேச்சில்லை.

வெங்கரட்டிலேயே கல் பொறுக்குவதில் கெட்டிக்காரி பவுனாம்பாள். மற்றவர்கள் ஒரு மடி சேர்ப்பதற்குள் அவள் இரண்டு மடி சேர்த்துவிடுவாள். அவள் புருஷன் கொளஞ்சி சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாரம் ஏற்றப் போனவன், ஒரு மத்தியானம் பாறை சரிந்து முதுகில் இறங்கியது, உயிர் தப்பியதே சாமி புண்ணியம் என்று எல்லோரும் சொன்னார்கள். திருச்சி ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் வைத்திருந்துவிட்டு இடுப்புக்குக் கீழே இனி ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தார்கள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. கயிற்றுக் கட்டிலும் அவனும் அவளும்தான்.

மூன்று வருஷம் அவள் அவனைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், புரட்டாவிட்டால் புண் வந்துவிடும், புரட்டியும் வந்தது. பீ மூத்திரம் அள்ளினாள். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் துடைத்தாள். ஒரு நாளைக்கு மூன்று பழம்புடவையைக் கிழித்து விரித்தாள், துவைத்தாள், மறுபடி விரித்தாள். அவள் மணிக்கட்டு இரண்டும் வீங்கியது வீங்கியபடியே நின்றுவிட்டது. படுத்தால் தூக்கம் என்ற ஒன்றை அவள் மறந்தே போனாள். கண்ணை மூடுவது, எழுந்து புரட்டுவது, கண்ணை மூடுவது, அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த புதிதில் அவளைச் சைக்கிளில் வைத்துத் தெருத் தெருவாகச் சுற்றிய மனுஷன், இப்போது அவள் முகம் போகிற பக்கமெல்லாம் கண்ணை மட்டும் திருப்பிக்கொண்டு கிடந்தான்.

கட்டுவைத்தியர் மாசிலாமணி ஒருநாள் வந்து பார்த்தார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பக்கத்து ஏழு ஊருக்கு அவர்தான். முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "வழக்கமா வைக்கிற ஏழு கல்லு ஒத்தடமெல்லாம் இதுக்கு ஒறைக்காது பவுனாம்பா. தண்டுவடத்துல முப்பத்து மூணு கணு. கணுவுக்கு ஒண்ணா முப்பத்து மூணு கல்லு வேணும். கூரு ஒடையாத முழுக்கல்லா இருக்கணும்" என்றார்.

முழுக்கல் என்பது லேசில் அகப்படாது. நூறு பொறுக்கினால் தொண்ணூற்றொன்பது நடுவில் உடைந்திருக்கும், மிச்சமிருக்கும் ஒன்றில் கூர் நசுங்கியிருக்கும். பவுனாம்பாள் இரண்டு மழைக்காலம் தேடினாள். ஊரில் எவளுக்கு முழுக்கல் கிடைத்தாலும் கொண்டுவந்து அவள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள், அவளோடு ஜென்மப் பகையான எதிர்வீட்டுக் கெங்கையம்மாகூட ஒன்று கொண்டுவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே வைத்துவிட்டுப் போனாள். தை மாதம் பிறக்கும்போது முப்பத்து மூன்று சேர்ந்தது.

அன்றைக்குக் காலையில் கல்லை வறுத்துக்கொண்டிருக்கும்போதே பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. நான்கு நாளைக்கு ஒருமுறை அரைமணி நேரம் வருகிற தண்ணீர். தெருவில் குடம் உருளும் சத்தம் கேட்டதும் பவுனாம்பாளுக்குக் கை பரபரத்தது. அவனைக் குப்புறப் படுக்கப் போட்டு, மடியில் அள்ளி அள்ளிப் பழகிய கை பழகியபடியே, கழுத்திலிருந்து கடைசி எலும்பு வரைக்கும் கல்லை வரிசையாக அடுக்கினாள், மேலே ஒரு துணியைப் போர்த்தினாள், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குழாயடியில் கெங்கையம்மாவுடன் முறை யாருடையது என்று சண்டை மூண்டு, ஏழு தலைமுறையை இழுத்து, இரண்டு குடத்துக்குப் பதில் ஒரு குடத்தோடு திரும்பி வந்தபோது அவன் முதுகில் ஒரு கல்லைக்கூடக் காணவில்லை.

"மாமா, கல்லெல்லாம் எங்க? யாரு வந்தா வூட்டுக்கு?"

"யாரும் வரல. உள்ள போயிடிச்சி."

"எங்க உள்ள?"

"எனக்குள்ளதான் புள்ள. ஒண்ணொண்ணா எறங்குச்சி. சுட்டுது. இடுப்புக்குக் கீழ சுடுறது தெரிஞ்சுது பாரு, அப்பத்தான் எனக்கு அழுவ வந்துது."

பவுனாம்பாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவன் முதுகைத் தடவினாள். தோலுக்கு அடியில் முப்பத்து மூன்று மேடு, ஒன்றின் கூர் அடுத்ததின் மழுங்கலில் பொருந்தி, ஒழுங்காக அடுக்கிய மாதிரி இருந்தது. சூடு இன்னும் ஆறவில்லை. கொளஞ்சி கையை ஊன்றினான், காலைத் தொங்கப் போட்டான், எழுந்து நின்றான். ஓரடி வைத்தான். அந்த அடி பின்னால் போனது. இன்னொரு அடி வைத்தான், அதுவும் பின்னால் போனது. மூன்றாம் அடியில் அடுப்படிச் சுவரில் முட்டி உலைமூடியைக் கீழே தள்ளினான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவன் தட்டிவிட்ட முதல் பாத்திரம் அது, பவுனாம்பாள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

மாசிலாமணி ஓடி வந்து முதுகைத் தடவியவர் கைகளை எடுத்துத் தலையில் அடித்துக்கொண்டார். "கூர்முனைய மேல பாக்க வச்சிட்டியே பாவி மவளே. இது மடியா, மனுசன் முதுவா?"

கெங்கையம்மா சண்டையின் மிச்சத்தை முடித்துப் போகலாம் என்று வந்தவள், வாசலில் பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்த கொளஞ்சியைப் பார்த்து, "எழுந்துட்டியா? அப்ப அடுத்த தண்ணிக்கு நீயே வா சாமி. ஒம் பொண்டாட்டியோட மல்லுக்கட்ட என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊர் அவனை ஏற்றுக்கொண்டது அவ்வளவுதான். மனுஷன் நடக்கிறான், எந்தப் பக்கம் நடந்தால் என்ன, காலைக் கீழே வைத்துத்தானே நடக்கிறான் என்று ஊர் அடுத்த வேலையைப் பார்க்கப் போனது.

டயர் கடைக்காரர் பழைய லாரிக் கண்ணாடி ஒன்றைக் கழற்றி ஒரு கம்பில் கட்டிக் கொடுத்தார், அதைத் தோளுக்கு மேலே பிடித்துக்கொண்டு பின்னால் வருவதைப் பார்த்தபடி அவன் நடந்தான். பேருந்தில் அவன் ஏறினால் இறங்குகிறான் என்று நினைத்து நடத்துனர் விசில் ஊதுவதும், இறங்கினால் ஏறுகிறான் என்று நினைத்து உள்ளே இழுப்பதுமாக ஒரு மாதம் போனது, பிறகு பழகிவிட்டது. ஊனத்துக்குச் சான்று கொடுக்கிற அலுவலகத்தில் நடக்கிறார், நடக்கவில்லை என்று இரண்டே கட்டம் இருந்தது. அதிகாரி பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து, இரண்டு கட்டத்திலும் பாதிப் பாதி டிக் போட்டு அனுப்பினார். மாரியம்மன் கோயில் பூசாரிக்குக் கொளஞ்சி என்றால் தனிப் பிரியம். மற்றவர்கள் திருநீறு வாங்கிய கையோடு அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்கள், இவன் ஒருத்தன்தான் வாசற்படி தாண்டுகிற வரைக்கும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகிறான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஆட்டுப்பட்டி சடையன் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டார். மேய்க்கிறவன் முன்னால் போனால் பின்னால் வருகிற ஆடு காணாமல் போகும், பின்னால் போனால் முன்னால் போகிற ஆடு வெள்ளாமையில் வாய் வைக்கும். கொளஞ்சியோ மந்தைக்கு முன்னால் போய்க்கொண்டே மந்தை முழுவதையும் கண்ணில் வைத்திருந்தான். அந்த வருஷம் ஒரு குட்டிகூடத் தவறவில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் ஊர் அவனைத் தள்ளி வைத்தது. சுடுகாட்டை விட்டுக் கிளம்புகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, இவன் கிளம்பினால் பார்த்துக்கொண்டேதான் வர முடியும், செத்தவர்கள் அவன் கண்ணைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். அவன் அக்கா செத்தபோது அவன் தெருமுனையோடு நின்றுவிட்டான். அதில் அவனுக்கு மனக்கஷ்டம்தான், ஆனாலும் ஊர்ச்சொல்லை அவன் மீறவில்லை.

பவுனாம்பாளுக்கு அந்த எட்டு மாதம் வாழ்க்கையில் மிச்சமாகக் கிடைத்த மாதிரி இருந்தது. அவன் வேலைக்குக் கிளம்பும்போது தெருமுனை திரும்புகிறவரைக்கும் முகம் தெரிந்துகொண்டே போகும், ஆகவே அவன் போகிற மாதிரியே இல்லை. பிடரியில் கண் வைத்த புருஷன் உனக்கு வாய்த்திருக்கிறான் என்று பெண்கள் கிண்டல் செய்தார்கள். அவள் மணிக்கட்டு வீக்கம் வடிந்தது. முக்கியமாக அவள் தூங்கினாள். படுத்தால் விடிகிறவரைக்கும் ஒரே தூக்கம், வாயில் எச்சில் ஒழுகத் தூங்கினாள், அதில் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஆவணியில் அவன் உப்பு கேட்க ஆரம்பித்தான். கூழில் ஒரு கை உப்பு, பிறகு இரண்டு கை, பிறகு கூழே வேண்டாம், உப்பைக் கரைத்துக் கொடு என்றான். புரட்டாசியில் ஒருநாள் விடிந்து பார்த்தால் அவன் கிழக்குச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான், தூக்கம் கலையவில்லை, கால் மட்டும் நடந்துகொண்டிருந்தது. அதுவரைக்கும் பின்னால் நடந்தாலும் நான்கு திசையிலும் நடந்தவன், அன்றிலிருந்து கிழக்கே மட்டும்தான் நடந்தான். காலுக்கு வேறு திசை மறந்துபோனது. மேற்கே திருப்பி நிறுத்தினாலும், தெற்கே திருப்பி நிறுத்தினாலும், உடம்பு தானாகச் சுழன்று முகம் வீட்டைப் பார்க்க முதுகு கிழக்கே போகத் தொடங்கிவிடும்.

முதல் நாள் ஏரிக்கரை வரைக்கும் போயிருந்தான். ஊரே திரண்டு போய், டிராக்டரில் ஏற்றி, பாட்டுப் போட்டுக் கூட்டிவந்தது. அடுத்த நாள் தார் ரோட்டைத் தாண்டியிருந்தான், நாற்பது பேர் போனார்கள். அப்புறம் ரயில்வே கேட், அப்புறம் அதற்கும் அப்பால் பேர் தெரியாத ஊர்கள். நல்ல ஊர்தான் வெங்கரடு, ஆனால் நல்லவர்களுக்கும் கால் வலிக்கும், நல்லவர்களுக்கும் காட்டில் வேலை இருக்கும். பத்தாம் நாள் நான்கு பேர் போனார்கள், பதினைந்தாம் நாள் டிராக்டருக்கு டீசல் இல்லை, இருபதாம் நாள் பவுனாம்பாள் ஒருத்தியாக ஒரு சரக்கு வண்டியைக் கெஞ்சிப் பிடித்து அவனை ஏற்றிக்கொண்டு வந்தாள். அதன் பிறகு சடையன்தான் மாடு கட்டுகிற கயிறு கொண்டுவந்து கொடுத்தார். வீட்டின் நடுத்தூணில் அவனை இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். கட்டிய இடத்திலேயே அவன் கால்கள் நடந்தன, மண் தரை தேய்ந்து அவன் நின்ற இடம் ஒரு முழம் பள்ளமானது. கயிறு அறுத்து இடுப்பில் புண் வந்தது. அவள் மறுபடியும் வேப்பிலைத் தண்ணீர் காய்ச்சினாள்.

ஐப்பசி மழை விட்டதும் திருச்சிக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் சூசைமாணிக்கம் மாணவர்களை அழைத்துக்கொண்டு வந்தார். வருஷா வருஷம் பொட்டலில் கல் பார்க்க வருகிறவர், பவுனாம்பாள்தான் அவருக்கு ஓடை ஓடையாக வழி காட்டுவாள். இந்த வருஷம் அவள் வரவில்லை என்றதும் அவரே வீடு தேடி வந்தார். தூணில் கட்டியிருந்தவனைப் பார்த்தார், அனுமதி கேட்டுவிட்டு முதுகை ஒவ்வொரு கணுவாகத் தொட்டுப் பார்த்தார், மாணவர்களை வெளியே நிற்கச் சொன்னார்.

"இது என்னா கல்லு சார்? இத்தினி வருசமா பொறுக்குறன், ஒங்களக் கேட்டதே இல்ல."

"கல்லு இல்லம்மா. ஒரு கடல் ஜீவனோட தண்டு. கணவாய் மீன் பார்த்திருக்கீங்களா, அது மாதிரி ஒண்ணு. சதையெல்லாம் அழுகிப் போச்சு, உள்ள இருந்த இது மட்டும் கல்லா நின்னுடுச்சு. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்க கடல்தான். இந்த வீடு இருக்கிற இடம், அந்தப் பொட்டல், எல்லாம் கடல்."

"இப்ப அந்தக் கடல் எங்க?"

பேராசிரியர் கொளஞ்சியின் முதுகு பார்த்த பக்கம் கையைக் காட்டினார்.

"அந்த ஜீவன் எப்புடி நீந்தும் சார்?"

"பின்பக்கமாவே நீந்தும். இந்தக் கூர் இருக்கு பாருங்க, இதுதான் முன்னால போகும். மூஞ்சி எப்பவும் வந்த வழியைத்தான் பார்த்துக்கிட்டிருக்கும்."

பவுனாம்பாள் கேட்டே விட்டாள். "நான் அவசரத்துல கூர்முனைய மேல பாக்க வச்சிட்டன் சார். கீழ பாக்க வச்சிருந்தா நேரா நடந்திருப்பாரா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். ஆறுதல் சொல்லுகிறோம் என்றுதான் நினைத்தார். "நீங்க எப்படி வெச்சிருந்தாலும் அது இப்படித்தாம்மா போகும். உங்க மேல தப்பே இல்ல."

தப்பில்லை என்ற சொல் பவுனாம்பாளுக்கு ஆறுதலாக இல்லை. இத்தனை மாதமாகத் தன் கை செய்த தப்பு என்றுதான் அவள் நம்பியிருந்தாள், தப்பு என்றால் அதைத் திருத்த ஒரு வழி எங்காவது இருக்கும், எந்தச் சாமியிடமாவது மன்னிப்புக் கேட்கலாம். தப்பே இல்லை என்றால் யாரிடம் போய் என்ன கேட்பது?

ஒரு வழியை மாசிலாமணி சொன்னார். முதுகை நீளவாக்கில் கீறினால் முள் எடுப்பது போலக் கல்லை ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். உயிருக்கு ஒன்றும் ஆகாது, கடல் பக்கம் இழுப்பது நின்றுவிடும். நடையும் நின்றுவிடும். மறுபடி கட்டில்தான், இந்த முறை இன்னொரு கல்லும் ஏறாது.

கொளஞ்சி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எடுத்துரு பவுனு. எனக்கு நடையும் வாணாம், ஒண்ணும் வாணாம். கட்டில்லயே கெடக்கறன். ஒம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு கெடந்தாப் போதும்."

வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள். மாசிலாமணி கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார், அடுப்பில் வெந்நீர் கொதித்தது, பிடித்துக்கொள்ள நான்கு ஆண்கள் வந்தார்கள், கெங்கையம்மா கேட்காமலேயே தன் பழைய புடவை இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள், பின்னால் விரிப்புக்கு ஆகும் என்றாள். பரணில் ஏற்றியிருந்த கயிற்றுக் கட்டிலை இறக்கித் தட்டிப் போட்டார்கள். பவுனாம்பாள் அந்தக் கட்டிலைப் பார்த்தாள். நடுவில் அவன் உடம்புப் பள்ளம் அப்படியே இருந்தது. அதன் வாசனை, மூன்று வருஷத்து வாசனை, பரணில் இத்தனை மாதம் கிடந்தும் போகாத வாசனை, எழுந்து வந்து அவள் முகத்தில் அறைந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அவனுக்கு நாற்பத்தாறு வயது, இன்னும் முப்பது வருஷம் இருப்பான், அவள் குடும்பத்தில் எல்லோருக்கும் கெட்டி ஆயுசு, அவளும் இருப்பாள்.

"வாணாம்," என்றாள்.

"என்னா வாணாம்?" என்றார் மாசிலாமணி.

"கீறாதீங்க. அவரு ரத்தத்தப் பாக்க எனக்கு மனசு வரல. வுட்டுருங்க. எங்க போவணுமோ போவட்டும், நடந்து போற மனுசன நானே மொடக்கிப் போட மாட்டன்."

ஊர் அசந்துபோனது. எப்பேர்ப்பட்ட மனசு பார் என்றார்கள். புருஷன் தன்னை விட்டுப் போனாலும் பரவாயில்லை, அவன் உடம்பில் ஒரு கீறல் விழக் கூடாது என்கிறாளே, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்டாட்டியா என்றார்கள். அவளோடு ஜென்மத்துக்கும் சண்டை போட்ட கெங்கையம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பவுனாம்பாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு தூணுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். வியர்வையில் ஊறி இறுகிய முடிச்சு, பல்லால் கடித்துத்தான் இளக்க வேண்டியிருந்தது.

"ரத்தத்தப் பாக்க மனசு வரலன்னு ஊருல சொன்னன்."

"கேட்டன்."

"அது இல்ல மாமா."

"தெரியும் புள்ள," என்றான் கொளஞ்சி. "மூணு வருசம் ஒம் மூஞ்சியத் தவுத்து வேற என்னாத்தப் பாத்தன் நானு? ஒன்னால ஆவாது. தெரியும்."

அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் கோபப்படவில்லை, ஆனால் சரி என்றும் சொல்லவில்லை. முடிச்சு அவிழ்ந்ததும் கயிறு தானாக நழுவியது, கால்கள் அந்தக் குழியிலிருந்து ஏறின, முதுகு வாசலைத் தாண்டியது, முகம் கடைசியாகத் தாண்டியது.

அவள் கூடவே நடந்தாள். தெருவில் நின்றவர்கள் யாரும் கூட வரவில்லை, இது அவர்கள் இருவர் காரியம் என்று வழிவிட்டார்கள். அவன் பின்பக்கமாக அடி வைக்க, அவள் முன்பக்கமாக அடி வைக்க, ஓரடி இடைவெளியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி தெருவைக் கடந்தார்கள், பொட்டலைக் கடந்தார்கள், ஏரிக்கரையைக் கடந்தார்கள். லாரிக் கண்ணாடியை அவன் எடுத்துவரவில்லை, கல்லும் மேடும் வந்தால் அவள்தான் சொன்னாள். வழி நெடுக வீட்டுப் பேச்சுத்தான் பேசினார்கள். மேற்குப் பக்கக் கூரையில் ஓலை மாற்ற வேண்டும் என்றான். சரி என்றாள். சடையனிடம் சினையாக இருக்கிற கருப்பாட்டை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல் என்றான். சரி என்றாள். வலது பக்கம் பள்ளம், ஒதுங்கி வாங்க என்றாள். ஒதுங்கினான். ஒரு முறை, தார் ரோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், குரலைத் தாழ்த்தி, "இப்பக்கூட மாசிலாமணிய வரச் சொல்லலாம்" என்றான். இடது பக்கம் கல்லு, பாத்து வாங்க என்றாள். அதற்குப் பிறகு அவன் வீட்டுப் பேச்சையும் நிறுத்திவிட்டான்.

தார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். கால் நின்றுவிட்டது. அவன் கால் நிற்கவில்லை.

"போயிட்டு வாங்க மாமா," என்றாள். ஊரில் யாரை வழியனுப்பினாலும் சொல்லுகிற சொல், வேறு சொல் அவளுக்குத் தெரியாது.

"வர்றன்னு சொல்ல முடியல புள்ள," என்றான்.

ஓரடி பத்தடியானது, பத்தடி நூறடியானது. வழியனுப்புகிறவர் நின்று பார்க்க வேண்டும், போகிறவர் உருவம் மறைந்த பிறகுதான் திரும்ப வேண்டும், அதுதான் முறை. ஆனால் போகிறவர்கள் முதுகுதான் காட்டுவார்கள், முதுகை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு நிற்கலாம். இவனோ முகத்தைக் காட்டிக்கொண்டு போனான். வெட்டவெளிப் பாதை, மரமோ வளைவோ கிடையாது, கண்ணுக்கு எட்டுகிறவரைக்கும் அந்த முகம் அவளையே பார்த்துக்கொண்டு சின்னதாகிக்கொண்டே போகும். அவள் பொறுத்துப் பார்த்தாள். கைவிரல் அளவுக்கு ஆனபோதும் அவன் கண் எங்கே பார்க்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் முடியவில்லை. திரும்பிக்கொண்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தாள், அவன் அதைப் பார்க்கிறான் என்று தெரிந்தே நடந்தாள்.

காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு நடந்தாள். பவுனு என்று ஒரு குரல், ஒரே ஒரு குரல் கேட்டால் போதும், ஓடிப் போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவாள், மாசிலாமணியை வரச் சொல்லிவிடுவாள், கட்டிலாவது வாசனையாவது, முப்பது வருஷம் என்ன, அறுபது வருஷம் ஆனாலும் புரட்டிப் போடுவாள். ஏரிக்கரை வந்தது. கேட்கவில்லை. பொட்டலில் இறங்கினாள், அங்கிருந்து கூப்பிட்டால்கூடக் காதில் விழும், காற்று அந்தப் பக்கமிருந்துதான் வீசியது. போகிறவளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்பது கொளஞ்சிக்கும் தெரியும், அவன் எந்த முறையையும் மீறியவன் இல்லை. அவன் கூப்பிடவே இல்லை.